ஷட் டவுனும் ரீஸ்டார்ட்டும்

காலையில் விண்டோஸ் கணினி எழ நெடுநேரம் பிடித்தால், முதலில் பார்க்க வேண்டியது தானாகத் தொடங்கும் செயலிகளை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதன் ஸ்டார்ட்அப் பட்டியலில் வேண்டாதவற்றை முடக்கலாம்.

பலர் அறியாத ஒன்று உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், பெரும்பாலான கணினிகள் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியை வட்டில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழுகின்றன. விரைவுக்கான நல்ல ஏற்பாடுதான். ஆனால் நேற்றைய கோளாறும் கூடவே எழக்கூடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் அலுவலகக் கணினி உள்ளே விடவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். சர்வரின் நேரத்தோடு 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் அனுமதி மறுக்கப்படலாம். அணைத்துப் போடும்போதெல்லாம் நேரம் மாறினால், மதர்போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியை மாற்றிவிடுங்கள்.