கோப்பிக் காசும் நன்றிக் காசும்

தோட்டத்திலிருந்து பாட்டியைக் கிள்ளான் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். புறப்படும்போது வீட்டுப் பெரியவர், "பத்து வெள்ளியைத் தனியாக மடித்து வைத்துக்கொள் தம்பி. தாதிக்குக் கொடுத்தால் நன்றாகக் கவனிப்பார்கள்" என்கிறார். அன்பினால் சொல்கிறார். ஆனால் அது சரிதானா? அதைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

அந்நாளில் லயத்து வீடுகளில் பிள்ளைப்பேறு பார்த்த அம்மாவுக்கு நாம் அரிசி கொடுத்தோம். வெற்றிலை பாக்கோடு சேலையும் காசும் வைத்துக் கொடுத்தோம். முடிவெட்ட வந்தவருக்கும் அப்படியே. அது இனாம் அல்ல. அவர்களுடைய கூலியே அதுதான். அந்த நல்ல வழக்கத்தைப் பட்டணத்துக்கும் கொண்டு வந்திருக்கிறோம். இங்கே இடம் அறிந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் முடிதிருத்தும் கடை. அமெரிக்காவில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை கூடுதலாகக் கொடுப்பது எழுதாத விதி. நம் நாட்டில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் முடிவெட்டுபவர்களில் பலர் தமிழ்நாட்டில் குடும்பத்தை விட்டு வந்தவர்கள். மீதிச் சில்லறையையோ ஓரிரண்டு வெள்ளியையோ அவர் கையிலேயே கொடுக்கலாம். கல்லாவில் கொடுத்தால் அவருக்குப் போய்ச் சேருமா என்பது நமக்குத் தெரியாது.

அதே பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் உண்டு. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பதும் அங்கேதான். அங்கே கட்டணத்தை முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் கொடுக்கும்போது, "அண்ணே, இது கட்டணம் ஐம்பது வெள்ளி, இது உங்களுக்கு ஐந்து வெள்ளி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோட்டை அவர் தடவிப் பார்த்தால் பொறுமையாக நிற்க வேண்டும். அது சந்தேகம் அல்ல. அவர் கணக்குப் பார்க்கும் முறை.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அம்மாவுக்கும் கூலியை முதலிலேயே பேசிவிடுவோம். கடைசி நாளில் கொடுக்கும் சேலையைக் கூலியில் கழிக்கக் கூடாது.

இனி மருத்துவமனைக்கு வருவோம். அரசாங்க மருத்துவமனையின் பொது வெளிநோயாளர் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. தாதிக்கும் உதவியாளருக்கும் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. நம்மை முன்னே அழைக்க வேண்டும், நம் பாட்டிக்கு நல்ல கட்டில் வேண்டும் என்று அவர்கள் கையில் வைக்கும் நோட்டு நன்றியாகாது. அதைத்தான் ஊரில் 'கோப்பிக் காசு' என்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி, வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம்; 20 ஆண்டு வரை சிறை உண்டு. யாராவது கேட்டால் கொடுக்கக் கூடாது. அதைப் புகார் செய்வது நம் கடமை என்றும் அச்சட்டம் சொல்கிறது.

சட்டத்தை விடுங்கள். வரிசையில் நமக்குப் பின்னால் இன்னொரு தோட்டத்துத் தாய் பிள்ளையோடு நிற்கிறாள். மடித்து வைக்க அவளிடம் பத்து வெள்ளி இல்லை. நாம் காசு கொடுத்து முன்னே போனால், அவள் பின்னே தள்ளப்படுகிறாள். நாளைக்கு அவள் இடத்தில் நாமே நிற்கக்கூடும்.

அப்படியானால் நன்றியை எப்படிக் காட்டுவது? "மிஸ்ஸி, பாட்டியை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள்" என்று நேரில் சொல்லலாம். பெயரைக் குறித்துக்கொண்டு மருத்துவமனை இயக்குநருக்கு நாலு வரி எழுதலாம். படிக்கும் நம் பிள்ளைகளே அதை மலாயில் எழுதித் தருவார்கள். அந்தக் கடிதம் அந்தத் தாதியின் வேலைக்கு நற்சான்றாக நிற்கும்.

ஆகவே நேயர்களே, வேலை முடிந்தபின், கேளாமல், நம்மால் முடிந்ததைக் கொடுத்தால் அது நன்றி. வேலை நடப்பதற்காக முன்னே கொடுத்தால் அது கோப்பிக் காசு. சம்பளத்துக்கு அரசாங்கப் பணி செய்பவருக்கோ வாய்ச்சொல்லும் கடிதமுமே போதும். பெரியவர் சொன்ன பத்து வெள்ளியில் பாட்டிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போவோம்.