எழுதி வைக்கப்பட வேண்டிய கூலி

 

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுவே. கட்டளை இறைநம்பிக்கையாளர்களை நோக்கியது என்பதைக் கவனியுங்கள். நல்லவர்களுக்கிடையிலும் எழுத்து தேவைப்படுகிறது. ஆனால் பெண் பணியாளரின் கூலி என்று வரும்போது நாம் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்தும் பெண்பிள்ளைகள் திண்டுக்கல், திருப்பூர்ப் பகுதி ஆலைகளுக்குச் சென்றார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் கூலியின் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டது. மூன்றாண்டு முடிந்தால்தான் திருமணச் செலவுக்கென மொத்தமாகக் கிடைக்கும். இடையில் நோயுற்றுத் திரும்பியவர்களில் பலர் அதை இழந்தனர். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் இதைக் கேட்டும் வாளாவிருக்கலாமா?

2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டார ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அந்த ஆடைகளை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்கள் நன்னடத்தை விதிகளை அதற்கு முன்பும் அச்சிட்டுத்தான் வைத்திருந்தன! 2022 ஏப்ரலில்தான் தொழிற்சங்கமும், ஈஸ்ட்மேன் நிறுவனமும், எச் அண்ட் எம் நிறுவனமும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' எழுதிக் கையெழுத்திட்டன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். ஆலை வாக்குத் தவறினால் அதற்கு வரும் ஆர்டர் குறையும் என்று அதில் எழுதப்பட்டது. நட்டம் எழுதப்பட்ட பிறகே விதிக்கு உயிர் வந்தது.

பெரிய நிறுவனங்கள் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் 2014 முதல் நடைமுறையில் உள்ளது. நல்லதுதான். எனினும் தர்மம் வேறு, கூலி வேறு. உழைத்தவளின் ஹக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுவதால் அந்த ஹக் நீங்கிவிடாது.

எழுத்து பெண்ணின் கைக்கு வந்தால் என்னவாகும் என்பதை நம் மாவட்டமே கண்டது. 1990களின் தொடக்கத்தில் கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. ஒப்பந்தக்காரர்களிடம் கல்லுடைத்தவர்கள், அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிந்து, குவாரியைத் தாமே நடத்தினார்கள்.

நம்மில் ஜவுளிக்கடை, மளிகைக்கடை வைத்திருப்போரே! பணியாளர் அமர இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் கடையில் அந்த இருக்கை உண்டா? அடுத்த சம்பள நாளுக்குள் ஒரு நோட்டில் அப்பெண்ணின் பெயர், தேதி, தொகை, கையொப்பம் அனைத்தையும் எழுதுங்கள். அதே வேலையைச் செய்யும் ஆணுக்குக் கொடுக்கும் தொகையையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.