உறவுக் கட்டுரை காட்டும் சிறுநிரல்



ஆயிரம் கட்டுரைகள் ஓரிடத்தே குவிந்திருப்பினும், வேண்டியது படிப்பார் கைக்கு எட்டவில்லையாயின் அவை இருந்தும் இல்லாதனவே. மின்னேடுகளில் இக்குறை பெரிது. குளம் தூர்வாருதல் பற்றிப் படிக்க வந்தவர், அதே ஏட்டில் மதகு பற்றிய கட்டுரை உண்டென அறியாமலே அகன்றுவிடுகின்றார். எழுதியவர் உழைப்பும் வீண். வந்தவர் வேட்கையும் வீண்.

இக்குறை களையச் செருகுநிரல் ஒன்று போதும். பெருநிரலின் உள்ளமைப்பைத் திருத்தாமல், அதனோடு பொருத்திக்கொள்ளும் சிறுநிரலே செருகுநிரல். 2003-இல் தோன்றிய வேர்ட்பிரெசு என்னும் பதிப்பு நிரல், 2004-இல் வந்த தன் 1.2 பதிப்பில் இத்தகையவற்றுக்கு இடந்தந்தது.

எளிய செருகுநிரல் கட்டுரைகளின் பொருளை உணர்வதில்லை. சொற்களை எண்ணியே உறவு காண்கின்றது. ஆயின் எல்லாச் சொல்லும் ஒரே நிறை உடையன அல்ல. 'அது', 'ஒரு', 'என்று' என்பன எங்கும் வருவன. அவை இரு கட்டுரைகளில் ஒத்திருத்தலால் உறவு புலப்படாது. 'மதகு' என்பதோ அரிதின் வருவது. அஃது இரண்டிலும் வரின் உறவு உண்டெனத் துணியலாம்.

இவ்வுண்மையைக் கணக்கு வழியே நிறுவியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கேரன் இசுபார்க் சோன்சு அம்மையார். அவர்தம் ஆய்வுரை 1972-இல் வெளிவந்தது. அம்முறையைப் பத்தடி மடக்கையால் எளிதில் விளக்கலாம். 1000 கட்டுரைகளுள் 10-இல் மட்டும் வரும் சொல்லுக்கு, 1000-ஐ 10-ஆல் வகுத்த ஈவாகிய 100-இன் மடக்கை 2; அதுவே அதன் நிறை. 100 கட்டுரைகளில் வருவதற்கு நிறை 1. ஆயிரத்திலும் வருவதற்கு நிறை 0. அரியதே பெருமதிப்புப் பெறுகின்றது!

ஈண்டுத்தான் தமிழுக்குரிய இடர் எழுகின்றது. குளம், குளத்தை, குளத்தில், குளங்கள் என்பன தமிழறிந்தார்க்கு ஒரு சொல்லின் வடிவங்கள். எழுத்தை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கோ நான்கு வேறு சொற்கள். ஆங்கிலச் சொல்லின் ஈறுகளைக் களையும் முறையொன்றை மார்ட்டின் போர்ட்டர் 1980-இல் வெளியிட்டார். அதன் விதிகள் தமிழுக்குப் பொருந்தா. 'குளத்தை' என்பதில் ஐயுருபை மட்டும் நீக்கின் 'குளத்து' என நிற்கும். அத்துச் சாரியையையும் நீக்கி, கெட்ட மகரத்தை மீட்டால் அன்றோ 'குளம்' கிட்டும்? தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்த புணர்ச்சி விதிகள் இன்று நிரலாளர்க்கு வேண்டும் கருவி நூல்களாகின்றன.

மற்றோர் இடரும் உண்டு. ஒருவர் கணினி என்றும், ஒருவர் கணிப்பொறி என்றும், பிறரொருவர் கம்ப்யூட்டர் என்றும் எழுதின், மூன்றும் ஒன்றென நிரல் தானே அறியாது. ஒருபொருட் சொற்பட்டியல் ஒன்றை அதன் கையில் கொடுத்தல் வேண்டும். 'ஆறு' என்பது நீரோடும் ஆறோ, எண்ணோ என்பதும் அதற்கு விளங்காது. உடன்வரும் சொற்களே வழிகாட்டும்.

இதனை ஆக்குவோர் இரண்டை மறவாதிருத்தல் நலம். படிப்பார் வருந்தொறும் கணக்கிடாது, புதுக்கட்டுரை ஏறும்பொழுதே கணக்கிட்டு வைத்தால் ஏடு விரைந்து திறக்கும். கட்டுரையைக் கட்டுரையோடு ஒப்பிட்டாலே போதும். படிப்பார் யார், யாது பார்த்தார் என வேவு பார்க்க வேண்டுவதில்லை. முடிவில் மூன்று தலைப்புகளைக் காட்டினால் அமையும். முப்பது காட்டின் மீண்டும் குவியலே.

இலக்கணம் கற்றாரும் நிரல் கற்றாரும் ஒருங்கமர்ந்தாலன்றி இப்பணி நிறைவுறாது. ஒருவரிடம் விதி உளது. மற்றவரிடம் வினை உளது. இருவரும் கைகோக்க! மறைந்து கிடக்கும் தமிழ்க் கட்டுரைகள் படிப்பார் கண்முன் வருக!