முயல் கல்யாணமும் நம் ஊர்ப் பிள்ளைகளும்



எடுத்த எடுப்பில் ஒரு கல்யாணக் கதை சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை கறுப்பு முயல், பெண் வெள்ளை முயல். இரண்டும் காட்டில் ஓடிப் பிடித்து விளையாடுகின்றன. மாப்பிள்ளை மட்டும் நடுநடுவே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். என்ன யோசனை என்று பெண் கேட்கிறாள். எந்நாளும் உன்னோடு இருக்க ஆசை என்கிறார். அவ்வளவுதான், காதில் மஞ்சள் பூவைச் செருகிக்கொண்டு நிலா வெளிச்சத்தில் கல்யாணம். ஜாதகம் பார்க்கவில்லை, சீர் செனத்தி பேசவில்லை. கார்த் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் எழுதி வரைந்த 'முயல்களின் கல்யாணம்' என்ற படப்புத்தகம் இது. வெளிவந்த ஆண்டு 1958.

மறு வருஷமே அலபாமா மாநிலத்தில் ரகளை. கறுப்பும் வெள்ளையும் கல்யாணம் கட்டுவது அங்கே அப்போது சட்டப்படி குற்றம். எடின்ஸ் என்ற மாநில செனட்டர், இந்தப் புத்தகத்தை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று குதித்தார். மாநில நூலகத் துறையின் இயக்குநர் எமிலி ரீட் என்ற அம்மையாரை நெருக்கினார்கள். அவர் புத்தகத்தைப் பொது அலமாரியிலிருந்து எடுத்துத் தனி அலமாரியில் வைத்தார். ஆனால் எந்த நூலகம் கேட்டாலும் கொடுப்போம் என்பதில் உறுதியாக நின்றார். வில்லியம்ஸ் சொன்ன பதில்தான் அழகு: இதைப் பெரியவர்களுக்கு எழுதவில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு எழுதினேன், அவர்களுக்குப் புரியும் என்றார். எட்டு வருஷம் கழித்து, 1967இல், லவ்விங் என்ற தம்பதியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறம் மாறிய கல்யாணத்தைத் தடுத்த சட்டங்களைத் தூக்கி எறிந்தது.

"நம்ம ஊர்ல யாரும் முயல் புத்தகத்தைக் கொளுத்தச் சொல்லலையே" என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். கொளுத்துவதற்கு ஒரு புத்தகம் இருந்தால்தானே ஐயா! நிறம் மாறிக் கல்யாணம் செய்த குடும்பத்தைப் பற்றி நாம்தான் எழுதவே இல்லையே.

எழுதக் காரணம் இல்லாத ஊரா நம் காரைக்கால்? 1739இல் பிரெஞ்சுக்காரன் கொடி ஏறியது; இடையில் ஆங்கிலேயன் பிடித்துவைத்திருந்த காலம் போக, 1954 நவம்பர் 1 வரை பறந்தது. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல் கப்பலாகச் சனம் போனது. 'ஒரேலி' என்ற கப்பல் 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவாதலூப் கரையைத் தொட்டது. போனவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் உடம்பில் இன்று ஆப்பிரிக்க ரத்தமும் தமிழ் ரத்தமும் ஐரோப்பிய ரத்தமும் சேர்ந்து ஓடுகிறது.

அடுத்து, அதே பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த வியட்நாமின் சைகோன். சிப்பாயாக, குமாஸ்தாவாக, ஜவுளி வியாபாரியாக, வட்டிக்குக் கொடுப்பவராக நம் ஆட்கள் போனார்கள். 1954 மே 7ஆம் தேதி தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது; அதே வருஷம் நவம்பரில் இந்த ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. ஒரே வருஷத்தில் அங்கேயும் கொடி இறங்கியது, இங்கேயும் இறங்கியது. ஊர் திரும்பிய சொல்தாக்களில், அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய்களில், பலர் வியட்நாம் மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்கினார்கள். புதுச்சேரியில் இன்றைக்கும் 'நெம்' கிடைக்கிறதே, அது அந்தப் பாட்டிமார்களின் கைப்பக்குவம். மெல்லிய அரிசித்தாளைத் தண்ணீரில் ஒரு தடவை காட்டி எடுத்து, இறைச்சியும் காளானும் கண்ணாடி சேமியாவும் உள்ளே வைத்து, இரண்டு ஓரத்தையும் மடித்துச் சுருட்டி எண்ணெயில் போடுவார்கள். பக்கத்து அடுப்பில் மாமியார் மீன் குழம்பு கொதிக்கவிட்டிருப்பார். தெரு அந்த மருமகளைச் 'சீனாக்காரி' என்றது. அவர் சீனா இல்லை, வியட்நாம் என்று தெருவுக்குப் புரிவதற்குள் அவர் பேத்திக்குக் கல்யாண வயது வந்துவிட்டது!

இந்த ஊர்களை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சில் வளர்ந்து, அங்கேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்திருக்கிறார்கள். பிரான்சின் கோடை விடுமுறையில் பாருங்கள், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடெல்லாம் திறக்கும். சுருட்டை முடிப் பேரன் ஒருவன், பூனைக்கண் பேத்தி ஒருத்தி, திண்ணையில் உட்கார்ந்து கொசுக்கடியைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். பாட்டிக்குப் பிரெஞ்சு வராது, பேரனுக்குத் தமிழ் அரைகுறை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகத்தைப் புரட்டலாம் என்றால் எதைப் புரட்டுவது?

நம் படப்புத்தகத்தில் குடும்பம் என்றால் என்ன படம்? பேண்ட் போட்ட அப்பா, புடவை கட்டிய அம்மா, கண்ணாடி போட்ட தாத்தா, கொண்டை போட்ட பாட்டி, ஒரு ஆண், ஒரு பெண். ஆறு பேருக்கும் ஒரே நிறம். அந்த நிறம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஏதாவது ஓவியப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். "டேய், அந்த ஸ்கின் கலர் குடுடா" என்று ஒரு பிள்ளை கேட்கும். பக்கத்துப் பிள்ளை கிரேயான் டப்பாவிலிருந்து வெளிறிய ரோஸ் குச்சி ஒன்றை எடுத்து நீட்டும். இந்தப் புத்தகக் கண்காட்சிப் பந்தலில் இருக்கும் ஒருத்தர் தோலாவது அந்த நிறமா? வெயிலில் வலை இழுத்துக் கருத்த அப்பனை, அவன் மகனே வெளிறிய ரோஸில் தீட்டுகிறான். பக்கத்தில் நிற்கிற நாமும் "சூப்பர்" என்கிறோம்.

ஆகவே இது வெளிநாட்டுச் சம்பந்தம் செய்த வீட்டுக்கு மட்டுமான பேச்சு இல்லை. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று கறுப்பாக, ஒன்று மாநிறமாக இல்லாத வீடு எது? பிள்ளை பார்க்க வருகிறவர் தொட்டிலில் எட்டிப் பார்த்து முதலில் எதைச் சொல்கிறார்? நிறத்தைத்தான். சாதி மாறிக் கல்யாணம் செய்த அம்மா அப்பாவையும், மதம் மாறிக் கல்யாணம் செய்தவர்களையும் நம் குழந்தைப் புத்தகத்தில் எங்கே பார்க்கிறோம்? அந்த வீட்டுப் பிள்ளையும் நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, எப்படி எழுதுவது? எழுதிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அர்னால்ட் அடாஃப் என்ற வெள்ளைக்காரக் கவிஞர், கறுப்பின எழுத்தாளர் வெர்ஜீனியா ஹாமில்டனின் கணவர். தம் வீட்டையே மனத்தில் வைத்து 1973இல் ஒரு பாட்டுப் புத்தகம் போட்டார். வெள்ளைப் பாட்டி உண்டு, கறுப்புப் பாட்டி உண்டு. சாப்பாடு உண்டு, அரட்டை உண்டு, வில்லன் கிடையாது. வீட்டில் இத்தனை நிறம் என்று வாய் நிறையச் சொல்லிக் கொண்டாடுகிற புத்தகம். வேரா வில்லியம்ஸ் என்ற அம்மையார் 1990இல் வேறு வழியில் போனார். அவர் புத்தகத்தில் வெள்ளைப் பாட்டி ஒருவர் பழுப்பு நிறப் பேரக்குழந்தையைத் துரத்திப் பிடித்துக் கால் விரலைக் கடிப்பதுபோல் கொஞ்சுகிறார். நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாம் படத்தில் இருக்கிறது. இரண்டு வழியும் நல்ல வழி.

நம் இந்தியப் பெண்மணி உமா கிருஷ்ணசாமி, சற்றுப் பெரிய பிள்ளைகளுக்காக மரியா சிங் என்ற சிறுமியின் கதையை 2017இல் எழுதினார். கலிபோர்னியாவில் பஞ்சாபி அப்பாவுக்கும் மெக்சிகோ அம்மாவுக்கும் பிறந்தவள் மரியா. அவள் கவலையெல்லாம் பந்து விளையாட்டு அணியில் இடம் கிடைக்குமா என்பதுதான். அப்பா அம்மா யார் என்பதால் வரும் சங்கடங்கள் அதற்குள் தாமாக வருகின்றன.

எந்த வழி ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் உலக உருண்டையைச் சுற்றிக் குழந்தைகள் கைகோத்து நிற்க, 'நாம் அனைவரும் சமம்' என்று முடிகிற புத்தகம் வேண்டாம். அது சுற்றறிக்கை. எந்தக் குழந்தையும் அதை 'இன்னொரு தடவை படி' என்று கேட்காது. கேட்காவிட்டால் அது படப்புத்தகம் இல்லை.

நம் ஊருக்குக் கதையா இல்லை? மாங்கனித் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து மாம்பழம் மழையாக விழுகிறது. பிரான்சிலிருந்து வந்த அந்தச் சுருட்டை முடிப் பயல், ஒரு பழமாவது பிடித்தே தீருவேன் என்று கூட்டத்துக்குள் புகுந்து செருப்பைத் தொலைத்துவிட்டு நிற்கிறான். போதும், கதை ஓடும். அவன் நிறம் படத்தில் இருக்கட்டும், வரியில் வேண்டாம். அந்த விழா யாருக்கு? அழகு வேண்டாம், தோல் வேண்டாம், சதை வேண்டாம் என்று உதறிப் பேயுருக் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையாருக்கு. அந்த வடிவத்தைக் கும்பிடுகிற ஊருக்கு, ஒரு குழந்தையின் மூக்கையும் நிறத்தையும் விசாரிக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

வேலையும் மலைக்கிற வேலை இல்லை. முப்பத்திரண்டு பக்கம், அச்சகக் கணக்கில் இரண்டு பாரம். மேலே தமிழ், கீழே பிரெஞ்சு. சென்னையில் துளிகா 1996 முதல் இருமொழிப் படப்புத்தகம் போட்டுவருகிறது. ஆகவே இது புதுப் பித்தும் இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015 முதல் கதைகளை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதுபோல் நாமும் போட்டால் ரெயூனியனில் இருக்கிற பிள்ளையும் படிக்கும்.

ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர்களே, கீழ் வரி உங்கள் பொறுப்பு. ஓவிய ஆசிரியர்களே, டப்பா நிறத்தை மூடி வையுங்கள். விடுமுறையில் திறக்கும் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து நிறம் கலக்குங்கள். சைகோனையும் பாரிசையும் பார்த்த குடும்பத்தாரே, பெட்டியில் கிடக்கும் பழைய போட்டோக்களை எடுத்து வாருங்கள். அச்சுக்குப் போகுமுன் முதல் வரைவை அந்த வீட்டுப் பாட்டியும் பிள்ளையும் பார்க்க வேண்டும். அவர்கள் முகம் சுளித்தால் திருத்த வேண்டும். தலைவர் ஐயா அவர்களே, அச்சுக் கூலிக்கு வழி செய்யும் பொறுப்பை இந்த மேடையிலேயே உங்கள் தலையில் கட்டிவிட்டேன். அடுத்த மாங்கனிக்குள் புத்தகம் வந்தால் முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்குகிறேன். அன்பளிப்புப் பிரதி என்று யாரும் ஓசியில் நீட்ட வேண்டாம்.