லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாம், கணக்கும் பார்க்கலாம்

(குன்னம் வட்டாரக் குழுக்களின் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கலந்துகொண்ட மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



ஆடு, மாடு, கோழி பற்றி இந்தக் கூட்டத்தில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்றைக்குக் குருவி பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க. உள்கடன் கேட்டு வரும் மனுக்களில் இப்போது "லவ் பேர்ட்ஸ் வளர்ப்பு" என்றும் எழுதி வருகிறார்கள். கடன் கொடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்வது நீங்கள்தான். முடிவு செய்வதற்கு முன்னால் அந்தப் பறவையைப் பற்றியும் அதன் வரவு செலவு பற்றியும் நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இது எந்த ஊர்ப் பறவை?

நம்ம ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜரிகர் என்ற சின்னக் கிளி. பட்ஜி என்றும் சொல்வார்கள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கக் கிளி, அது வேறு. பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆராய்ச்சியாளர் அங்கிருந்து இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோனார். அதற்குப் பிறகு கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. காட்டில் இருக்கும் பட்ஜி பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருக்கும். நீலம், வெள்ளை எல்லாம் கூண்டில் வளர்த்தவர்கள் உண்டாக்கிய நிறங்கள்.

அந்த நாட்டில் இது வறண்ட புல்வெளியில் கூட்டம் கூட்டமாக வாழும். மழை பெய்து புல் விதை பிடிக்கும் இடம் தேடிப் பறந்து போகும். தீனி நிறைய இருந்தால் முட்டை போடும், இல்லாவிட்டால் காத்திருக்கும். இந்த ஒரு விஷயத்தை மனசில் வெச்சுக்குங்க. வளர்ப்பு முறை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. கூட்டமாக வாழும் பறவை என்பதால் ஒற்றையாக வைக்கக் கூடாது. பறக்கும் பறவை என்பதால் உயரமான கூண்டைவிட நீளமான கூண்டுதான் நல்லது. புல் விதை தின்னும் பறவை என்பதால் சிறுதானியம்தான் அதற்குச் சாப்பாடு.

கூண்டும் இடமும்

ஒரு ஜோடிக்குக் குறைந்தது 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் குஞ்சு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். உட்காருவதற்கு பிளாஸ்டிக் குச்சி வேண்டாம். வேப்பங்குச்சி, கொய்யாக் குச்சி ஒன்றுக்கொன்று பருமன் மாறி இருக்கும்படி வையுங்கள். கடித்து விளையாடும், காலுக்கும் நல்லது.

காலை வெயில் கொஞ்சம் படவேண்டும், உச்சி வெயில் படக் கூடாது. விறகு அடுப்புப் புகை இதன் நுரையீரலுக்கு ஆகாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை சில நிமிடத்தில் பறவையைக் கொன்றுவிடும். அதனால் அடுப்படி பக்கமே கூண்டு வேண்டாம். கொசுவர்த்திச் சுருளையும் கூண்டுக்குப் பக்கத்தில் கொளுத்தாதீங்க. பூனை, எலி, பாம்பு மூன்றும் நம்ம வீட்டைச் சுற்றி இருப்பவைதான். ராத்திரி கூண்டுக் கதவைக் கட்டி வையுங்கள். எறும்பு ஏறாமல் இருக்க, ஸ்டாண்டு கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.

தீனி

தினை, சாமை, பனிவரகு, கம்பு. இவற்றில் தினை முக்கியம். ஒரு பறவை நாளைக்குச் சுமார் 7 கிராம் தின்னும். கிண்ணத்தில் மேலே தெரிவது வெறும் உமியாக இருக்கும். நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடாமல் தினமும் ஊதிப் பார்த்துப் போடுங்கள். வெறும் தானியம் மட்டும் போட்டால் சத்துக் குறையும். கொத்தமல்லித் தழை, முருங்கைக் கீரை, கேரட் துருவல், முளைகட்டிய பயறு கொஞ்சம் கொடுக்கலாம். முட்டை போடும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். அதைக் கம்பியில் கட்டிவிட்டால் கொரித்துக்கொள்ளும்.

நம்ம பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பேர் போனது. இந்த இரண்டிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெங்காயம், பூண்டு இரண்டும் பறவையின் ரத்தத்தைக் கெடுக்கும். ஒரு துண்டுகூடப் போடக் கூடாது. விதைப்புக்காக மருந்து கலந்து கலர் கலராக வரும் மக்காச்சோளம் விஷம். நொறுக்கிப் போட்டாலும் விஷம்தான். பருத்திக்கோ மக்காச்சோளத்துக்கோ மருந்து அடித்துவிட்டு வந்தால் கை கால் கழுவி, சேலை மாற்றிய பிறகுதான் கூண்டைத் தொட வேண்டும். வயல் ஓரத்தில் பறித்த கீரையையும் நன்றாகக் கழுவித்தான் போட வேண்டும்.

குஞ்சு எடுப்பது

முதலில் ஆண், பெண் பார்க்கத் தெரிய வேண்டும். அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கிற சதையைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் ஆணுக்கு நீலம் வராது, இளஞ்சிவப்பாகவே இருக்கும். அங்கேதான் ஏமாந்து இரண்டும் ஒரே இனமாக வாங்கி வந்துவிடுகிறார்கள். நெற்றியில் கோடு மூக்கு வரைக்கும் இருந்தால் அது இன்னும் மூன்று நான்கு மாதக் குஞ்சு. பத்து மாதமாவது ஆகாமல் ஜோடி சேர்க்கக் கூடாது.

கூடு கட்ட இதற்குத் தெரியாது. மரப்பொந்தில் முட்டையிடும் பறவை இது. நம்ம ஊரில் சின்ன மண் கலயத்தைப் படுக்க வைத்துக் கட்டுகிறோம். வாய் 2 அங்குலம் இருந்தால் போதும். அடியில் கொஞ்சம் மரத்தூள் போட்டால் குஞ்சுக்குக் கால் விரிந்து போகாது. பல ஜோடிகளை ஒரே கூண்டில் விட்டால், ஜோடிக்கு இரண்டு கலயம் கணக்கில் ஒரே உயரத்தில் கட்டுங்கள். உபரியாக ஒரு பெண் பறவை இருந்தாலும் சண்டைதான், முட்டையை உடைத்துவிடும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையாக நாலு முதல் ஆறு முட்டை வரை போடும். பெண்தான் அடைகாக்கும். ஆண் வெளியிலிருந்து தீனி ஊட்டும். சுமார் 18 நாளில் பொரியும். முட்டை போட்ட வரிசையில்தான் குஞ்சும் வரும். அதனால் மூத்த குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும். கடைசிக் குஞ்சு நசுங்கிச் சாவதும் உண்டு. ஐந்து வாரத்தில் கலயத்தை விட்டு வெளியே வரும். அப்புறமும் ஒரு வாரம் பத்து நாள் தகப்பன் பறவை ஊட்டும். தானாகக் கொரித்துத் தின்னப் பழகாத குஞ்சை விற்கக் கூடாது. காசுக்கு அவசரப்பட்டால் வாங்கினவர் வீட்டில் செத்துப்போகும், நம்ம பேரும் கெட்டுப்போகும்.

வருஷத்துக்கு இரண்டு ஈடு போதும். கலயம் இருக்கிற வரைக்கும், தீனி இருக்கிற வரைக்கும் அது முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். போடட்டுமே, லாபம்தானே என்று விட்டால் பெண் பறவை ஓய்ந்துபோகும், முட்டை உள்ளேயே அடைத்துச் செத்தும் போகும். பிரசவமான உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? இரண்டு ஈடு முடிந்ததும் கலயத்தை எடுத்துவிடுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் நம்ம ஊர் வெயிலுக்குக் கலயமே வேண்டாம். கூண்டு மேலே ஈரச் சாக்குப் போட்டு, தண்ணீரை இரண்டு வேளை மாற்றினாலே போதும்.

நோய் கண்டால்

பறவை தன் நோயை மறைக்கும். நமக்குத் தெரியும்போது பாதி முற்றியிருக்கும். இறக்கையை உப்பிக்கொண்டு தரையில் உட்காருவது, மூச்சுவிடும்போது வால் ஏறி இறங்குவது, பின்பக்கம் எச்சம் ஒட்டியிருப்பது, இதெல்லாம் ஆபத்து அறிகுறி. உடனே தனியாகப் பிரித்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, அரசுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நமக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பொடி செய்து போடும் வேலை வேண்டவே வேண்டாம். புதிதாக வாங்கும் பறவையை ஒரு மாதம் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள்.

நமக்கும் ஒரு எச்சரிக்கை. கிளிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. நோயுள்ள பறவையின் காய்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுத்தால் மனிதருக்கு வரும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று ஆரம்பித்து நிமோனியா வரை போகும். மருந்து உண்டு, குணமாகும். ஆனால் "வீட்டில் கிளி வளர்க்கிறோம்" என்று மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூண்டைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்ஜி வளர்க்கத் தடையில்லை. ஆனால் நம்ம பச்சைக்கிளி, மைனா, சில்லை இவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பனைமரப் பொந்திலிருந்து குஞ்சு எடுத்து வந்து விற்பவர்களிடம் வாங்காதீங்க. 2023-ல் சென்னையில் ஒரு சினிமா நடிகருக்கே, வீட்டில் கிளி வளர்த்ததற்கு வனத்துறை இரண்டரை லட்சம் அபராதம் போட்டது. நம்ம பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சார் என்ற உலக அங்கீகாரமும் பெற்றது. நாட்டுப் பறவைக்கு அதுதான் இடம், கூண்டு இல்லை. அதேபோல, பாவம் என்று பட்ஜியைத் திறந்துவிடவும் கூடாது. வெளியில் பிழைக்கத் தெரியாது, காக்கை கொத்திவிடும்.

கடை வைத்து விற்பதானால் 2018-ல் வந்த செல்லப் பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம்

ஐந்து ஜோடி வைத்திருக்கிறோம் என்று வெச்சுக்குவோம். ஜோடிக்கு வருஷத்தில் ஆறு குஞ்சு விற்பனைக்குத் தேறினால் மொத்தம் 30 குஞ்சு. கடைக்காரர் குஞ்சு 100 ரூபாய்க்கு எடுக்கிறார் என்று வைத்தால் வரவு 3,000 ரூபாய்.

செலவு? பத்துப் பறவைக்கு நாளைக்கு 70 கிராம், வருஷத்துக்கு 25 கிலோவுக்கு மேல். குஞ்சுக்கும் சேர்த்து 35 கிலோ என்று போடுங்கள். கிலோ 60 ரூபாய் என்றால் 2,100 ரூபாய். மிச்சம் 900 ரூபாய். இதில் கூண்டு விலை, பறவை விலை, மருந்து, பஸ் கட்டணம் எதுவும் சேரவில்லை. உங்கள் உழைப்புக்குக் கூலியும் போடவில்லை.

இதற்காக 10,000 ரூபாய் உள்கடன் வாங்கினால், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலும் வருஷ வட்டி 1,200 ரூபாய். பறவை கொடுப்பது 900, வட்டி 1,200. அசலை எங்கிருந்து கட்டுவது? கூலி வேலைப் பணத்தை எடுத்துத்தான் குருவிக் கடன் கட்ட வேண்டியிருக்கும்.

நாம் சொன்ன விலை கணக்குக்காகச் சொன்னது. நீங்கள் பெரம்பலூர், அரியலூர், திருச்சிக் கடைகளில் விசாரித்து, உண்மை விலையைப் போட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடையில் குஞ்சு விற்கிற விலை வேறு, நம்மிடம் கடைக்காரர் எடுக்கிற விலை வேறு. இரண்டாவது விலையைத்தான் எழுத வேண்டும். வீட்டு நிலத்தில் தினையும் கம்பும் விளைந்தால் தீனிச் செலவு குறையும், கணக்கும் மாறும்.

"நாங்களே திரும்ப எடுத்துக்குவோம்" என்றால்?

யாராவது வந்து, "குஞ்சு நாங்க தர்றோம், தீவனம் நாங்க தர்றோம், மாசாமாசம் பணமும் தர்றோம், வளர்ந்ததும் நாங்களே எடுத்துக்குவோம், முன்பணம் மட்டும் கட்டுங்க" என்றால் உஷாராக இருங்கள். ஈமு கோழி ஞாபகம் இருக்கிறதா? அதுவும் ஆஸ்திரேலியாப் பறவைதான். பெருந்துறை சுசி ஈமு நிறுவனம் இதே வாக்குறுதியைத்தான் கொடுத்தது. 2012-ல் பணம் வருவது நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முதலீட்டை இழந்து நின்றன, பறவைகள் பட்டினி கிடந்தன. வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. ஆனால் அடகு வைத்த நகை தண்டனையால் திரும்பி வராது. பறவையை வாங்கும் உண்மையான வாடிக்கையாளர் யார் என்று கேளுங்கள். அடுத்து சேரப்போகிற ஆள்தான் வாடிக்கையாளர் என்றால் அது தொழில் இல்லை.

அப்போ வளர்க்கவே வேண்டாமா?

தாராளமாக வளர்க்கலாம். கடன் வாங்காமல், கையில் இருக்கிற காசில், இரண்டு ஜோடியோடு தொடங்குங்கள். ஒரு வருஷம் முழுக்க ஒரு நோட்டில் முட்டை எத்தனை, பொரித்தது எத்தனை, செத்தது எத்தனை, தீனி எத்தனை கிலோ, விற்ற காசு எவ்வளவு என்று எழுதுங்கள். எழுத வராத அக்காமார்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். பிள்ளைகளுக்கும் உயிரைப் பராமரிக்கும் பொறுப்பு வரும். ஒரு வருஷ நோட்டில் லாபம் தெரிந்தால், அந்த லாபத்திலேயே மூன்றாவது ஜோடி வாங்குங்கள்.

ஊக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். லவ் பேர்ட்ஸ் கடன் மனு வந்தால் உடனே தள்ளிவிடவும் வேண்டாம், உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். மனு கொடுத்த உறுப்பினரைக் குழுவில் உட்கார வைத்து, எல்லோருமாகச் சேர்ந்து மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போடுங்கள். எந்தக் கடைக்காரர் என்ன விலைக்கு எடுப்பார் என்பதை அவரே நேரில் கேட்டு வந்து சொல்லட்டும். அந்தத் தாளைத் தீர்மான நோட்டோடு ஒட்டி வையுங்கள். அது குழுவின் சேமிப்பு. ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பெண்ணின் கூலி இருக்கிறது.