இதயத் துடிப்புக் கோளாறு: மருந்தின் விலையும் மருத்துவத்தின் பயனும்

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய்களுள் பரவலாகக் காணப்படுவது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனும் மேலறை நடுக்கமாகும். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குவதால், அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம் நேரும். இந்நோயாளிகளுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆதலின் துடிப்பைச் சீராக்குவதோடு, இரத்தம் உறையாமல் காப்பதும் சிகிச்சையின் நோக்கமாகும்.

துடிப்பின் வேகத்தைக் குறைப்பது ஒரு வழி. இயல்பான துடிப்பொழுங்கையே மீட்பது மற்றொரு வழி. 4,060 நோயாளிகளைக் கொண்டு 2002-இல் வெளியான 'அஃபர்ம்' ஆய்வில், செலவு மிகுந்த இரண்டாம் வழி உயிர் காப்பதில் முதல் வழியை விஞ்சவில்லை. நோய் கண்ட ஓராண்டுக்குள் துடிப்பொழுங்கை மீட்க முற்பட்டால் பயன் உண்டு என்பதை 2020-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

உறைவைத் தடுக்கும் மருந்துகளுள் வார்ஃபரின் பழையது, மலிவானது. பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைக்கவல்லது. ஆனால் மருந்து குறைந்தால் இரத்தம் உறையும். மிகுந்தால் இரத்தப்போக்கு ஏற்படும். ஆகவே அடிக்கடி இரத்தம் சோதித்து, 'ஐ.என்.ஆர்.' அளவை பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையே வைத்திருத்தல் வேண்டும். டபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் ஆகிய புதிய மருந்துகளுக்கு இச்சோதனை தேவையில்லை. மூளையில் இரத்தம் கசியும் அபாயமும் குறைவு. 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வார்ஃபரினும் டபிகாட்ரானும் இடம்பெற்றன.

எனினும் புதியதே எல்லோர்க்கும் ஏற்றது எனக் கொள்ளலாகாது. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்றோர் இந்தியாவில் இன்றும் பலர். இத்தகையோரிடம், இந்தியா உள்ளிட்ட 24 நாடுகளில் நிகழ்ந்த 'இன்விக்டஸ்' ஆய்வின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 4,500 பேரை ஆராய்ந்ததில், ரிவரோக்சபான் பெற்றோரைவிட வார்ஃபரின் வகை மருந்து பெற்றோரிடையே மரணம் குறைவாயிருந்தது, இரத்தப்போக்கும் மிகவில்லை.

இங்கு மாத்திரையின் விலை செலவின் ஒரு கூறே. சோதனைக்காக நகருக்குச் செல்லும் பேருந்துக் கட்டணமும் அன்று இழக்கும் கூலியும் ஏழை நோயாளியின் கணக்கில் சேர்கின்றன. அச்சுமை தாங்காது அவர் சோதனையை நிறுத்துவாராயின், மலிவான மருந்தும் ஆபத்தானதாகிவிடும். வட்ட மருத்துவமனையிலேயே ஐ.என்.ஆர். சோதனை கிடைக்குமானால், வார்ஃபரினின் முழுப் பயனும் அவரைச் சேரும்.

நோய் வருமுன் காப்பது இதனினும் சிக்கனமானது. குழந்தையின் தொண்டைப் புண்ணைப் பென்சிலினால் காலத்தே குணப்படுத்தினால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். எம்மருந்து, யாருக்கு, எந்நிலையில், எவ்வளவு தொலைவில் கிடைக்கிறது என்பவற்றைச் சேர்த்து எண்ணுவதே சுகாதாரத் திட்டத்தின் சரியான கணக்காகும்.