ஷார்த்ர் பேராலயம்: உள்ளே எது பழையது?

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இடைக்கால ஐரோப்பா பற்றிய பாடத்தில் கோதிக் கட்டடக்கலை என்ற சொல் வரும். கூர்வளைவு, உயர்ந்த கோபுரம், வண்ணக்கண்ணாடி என்று மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம். தேர்வுக்கு அது போதும். இன்று ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாரிசுக்குத் தென்மேற்கே சுமார் 90 கி.மீ. தொலைவிலுள்ள ஷார்த்ர் பேராலயம். அதிலும் வெளிப்புறம் வேண்டாம்; உள்ளே போவோம்.

1194 ஜூன் மாதத் தீயில் பழைய ஆலயத்தின் பெரும்பகுதி அழிந்தது. நிலவறையும் மேற்கு முகப்பும் தப்பின. மரியன்னையின் ஆடை என்று மக்கள் போற்றிய துணியும் தப்பியது தெரிந்ததும் ஊர் மீண்டும் கட்டத் துணிந்தது. சுமார் முப்பது ஆண்டுகளில் உட்புறம் பெரும்பாலும் எழுந்துவிட்டது. 1260இல் அர்ச்சிப்பு நடந்தது.

உள்ளே கல் கூரையின் உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். அந்தக் கூரை தன் பாரத்தால் சுவரை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை வெளியே நிற்கும் கல் வளைவுகள் முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் சுவரைக் குடைந்து அத்தனை பெரிய சன்னல்களை வைக்க முடிந்தது. சன்னல்களின் கீழ்ப் பகுதியில் ரொட்டி சுடுவோர், செருப்புத் தைப்போர், தோல் ஆடை விற்போர் எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். இவர்கள் பணம் கொடுத்துச் செய்வித்தவை என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். இன்று அறிஞர்கள் சிலர் அதை ஏற்பதில்லை. வகுப்பில் இந்தப் படங்களைக் காட்டினால் அந்தக் கருத்து வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று சுவர்ப்பூச்சு. அந்தக் காலக் கட்டடக்காரர்கள் கல்லைக் கல்லாகவே விட்டுவிடவில்லை. வெளிர் மஞ்சள் நிறத்தில் பூச்சுப் பூசி, அதன்மேல் வெள்ளைக் கோடுகள் தீட்டினார்கள். கற்களின் இணைப்புகள்போல் தோன்றும் கோடுகள்! உள்ளிருக்கும் உண்மையான இணைப்புகள் ஓரிடத்தில் இருக்கும். தீட்டிய கோடு வேறிடத்தில் ஒழுங்காக ஓடும். கல் கட்டடத்தின் மேலேயே கல் கட்டடத்தை வரைந்தவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம்.

அடுத்து 18ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். மக்கள் நிற்கும் பகுதிக்கும் குருக்கள் பாடும் பகுதிக்கும் நடுவே 13ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் நிறைந்த ஒரு கல்தடுப்பு இருந்தது. 1763இல் அதை இடித்தார்கள். பகைவர்கள் யாரும் இடிக்கவில்லை. ஆலயத்தின் குருக்களே இடித்தார்கள். பீடம் தடையின்றித் தெரிய வேண்டும் என்பது அக்கால ரசனை. பீடத்தின் பின்னால் மரியன்னையின் விண்ணேற்பைக் காட்டும் பெரிய பளிங்குச் சிற்பத்தைப் பிரிதான் என்ற சிற்பி செய்தார். அதற்கு வெளிச்சம் போதவில்லை என்று பழைய வண்ணக்கண்ணாடிகள் சிலவற்றையும் எடுத்துவிட்டு வெறுங்கண்ணாடி பொருத்தினார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் அவர்களை மூடர்கள் என்று மாணவரிடம் சொல்ல மனம் வரவில்லை. தங்கள் ஆலயத்தைத் தங்கள் காலத்துக்கு ஏற்ப அழகாக்குவதாகவே அவர்கள் நம்பினார்கள்.

இடித்த தடுப்பின் சில துண்டுகள் 19ஆம் நூற்றாண்டில் தரைக்கு அடியிலிருந்து கிடைத்தன. குழந்தை பிறந்த களைப்பில் படுத்திருக்கும் மரியாள், கையை நீட்டிக் குழந்தையைத் தொடுகிற சிற்பம் அவற்றில் ஒன்று.

1836இல் மறுபடியும் தீ. மேலேயிருந்த மரக்கூரை முழுவதும் எரிந்தது. கீழேயுள்ள கல் கூரை தாங்கியதால் உட்புறம் பிழைத்தது. மரச்சட்டங்களுக்குப் பதிலாக இரும்புச் சட்டங்கள் வந்தன. இரண்டு உலகப் போர்களின்போதும் சன்னல் கண்ணாடிகளைக் கழற்றி எடுத்துப் பாதுகாத்தார்கள். இதற்கிடையே மெழுகுவத்திப் புகையும் தூசியும் படிந்து உட்சுவர்கள் கறுத்துப் போயின. 20ஆம் நூற்றாண்டில் அங்கே போனவர்கள் எல்லாம் இருண்ட, மர்மமான ஒரு கூடத்தையே பார்த்தார்கள். அதுதான் இடைக்காலம் என்றும் எண்ணினார்கள்.

2009இல் தொடங்கிய சீரமைப்பில் அந்தக் கரியை நீக்கினார்கள். அடியில் பழைய பூச்சின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. அழிந்த இடங்களில் அதேபோல் புதிதாகப் பூசினார்கள். உட்புறம் வெளுத்தது. எதிர்ப்பும் எழுந்தது. அமெரிக்கக் கட்டடக்கலை விமர்சகர் ஒருவர் 2014இல் கடுமையாக எழுதினார். வெளிறிய சுவர் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வண்ணக்கண்ணாடியின் ஒளிர்வு குறைந்துவிட்டது என்பது ஒரு வாதம். பல தலைமுறைகள் கறுப்பு மாதாவாக வணங்கிய 16ஆம் நூற்றாண்டு மரச்சிலையின் முகத்தையும் வெளிர் நிறமாக்கியது இன்னொரு மனக்குறை. சீரமைத்தவர்களோ, கறுப்பு எந்தக் கலைஞரும் தீட்டியதல்ல, அழுக்கே என்றார்கள்.

சுவரைப் பொறுத்தவரை நான் சீரமைத்தவர்கள் பக்கம். சிலையைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. வணங்கியவர்களின் நினைவும் அதன் வரலாற்றில் ஒரு பகுதிதானே?

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ இதைச் செய்து பார்க்கலாம். கறுத்த சுவரின் படம் ஒன்று, வெளுத்த சுவரின் படம் ஒன்று. எந்த விளக்கமும் தராமல் இரண்டையும் ஒட்டி, "எது பழையது?" என்று கேளுங்கள். பலர் கறுத்ததைக் காட்டுவார்கள் என்றே நினைக்கிறேன். காரணத்தையும் அவர்களையே சொல்ல விடுங்கள். கரி பின்னால் வந்தது, மஞ்சள் பூச்சு 13ஆம் நூற்றாண்டுடையது என்பதை அதற்கு அப்புறம் சொன்னால் போதும்.